அளவும் காலமும்: செவிலியர் கல்வியில் மருந்தியலின் அடிப்படைகள்

மருந்தியல் என்பது உயிருள்ள உடலும் வேதிப்பொருளும் சந்திக்கும்போது ஒன்றை மற்றொன்று எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராயும் துறை. இந்த வரையறைக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. உள்ளே சென்ற மருந்தை உடல் என்ன செய்கிறது என்பது முதல் கேள்வி. மருந்து உடலுக்குள் ஏறி, பரவி, உருமாறி, வெளியேறும் பயணத்தைக் கணக்கிடும் அப்பகுதிக்கு மருந்தியக்கவியல் என்று பெயர். உடலை அந்த மருந்து என்ன செய்கிறது என்பது இரண்டாவது. அதற்கு விடை தேடும் பகுதி மருந்துச் செயலியல். செவிலியர் கல்லூரிகளில் இவ்விரண்டும் தொடக்கத்தில் ஓரிரு வகுப்புகளில் முடிந்துவிட, அதன்பின் மருந்தின் பெயர், வகை, அளவு, பக்கவிளைவு என்று நீளும் பட்டியலே பாடமாகிவிடுகிறது. பட்டியல் தேர்வு வரை நினைவில் நிற்கும். பணியில் சேர்ந்த பின் கைகொடுப்பது காரணம் தெரிந்த அறிவுதான். டிஜாக்சின் மாத்திரை தருமுன் இதயத் துடிப்பை எண்ண வேண்டும், பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் செலுத்தக் கூடாது, ஜென்டாமைசின் ஊசி போட்ட மணியைத் தவறாமல் குறிக்க வேண்டும் என்று வார்டுகளில் தனித்தனி விதிகளாக வழங்குபவை எல்லாம், உடலில் மருந்தின் செறிவு காலத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது, அந்தச் செறிவுக்கு உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்ற ஒரே கணக்கிலிருந்து பிறந்தவை. மருத்துவர் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிச் செல்கிறார். அந்த அளவு மணிக்கு மணி வேலை செய்வதை அருகிலிருந்து காண்பவர் செவிலியர். ஆகவே அளவுக்கும் காலத்துக்கும் உள்ள உறவாகவே மருந்தியலைக் கற்பது செவிலியருக்குப் பொருந்தும் வழி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மருந்துகள் மிகப் பழையவை. மருந்தியல் என்னும் அறிவியலோ இளையது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், உடல்வீக்கத்துக்கு நாட்டு மருந்தாக வழங்கிவந்த டிஜிடாலிஸ் இலையைப் பல ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1785இல் வெளியிட்ட நூலில், வீக்கம் வடிவதற்குப் போதுமான அளவையும் குமட்டல், பார்வைக் கோளாறு, நாடித் தளர்ச்சி ஆகியவை தோன்றும் மிகை அளவையும் பிரித்தறிய முயன்றார். ஆனால் இலைக்கு இலை மருந்துச் சத்து மாறுபடும்வரை எந்த அளவும் உறுதியாகாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மருந்தகப் பணியாளராக இருந்த ஃபிரீட்ரிக் செர்ட்டூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைத் தனியே பிரித்தெடுத்த பின்னரே, ஒரு மருந்தை நிறுத்துத் தருவது பொருளுள்ள செயலாயிற்று. ருடால்ஃப் புக்ஹைம் 1847இல் டோர்பட் நகரில், அதாவது இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டுவில், மருந்தியலுக்கென்றே ஆய்வகம் ஒன்றை நிறுவினார். இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ராம்நாத் சோப்ரா. அவர் தலைமையில் 1930இல் அமைந்த மருந்து விசாரணைக் குழுவின் அறிக்கை, 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்கு வழிவகுத்தது.

உடலுக்குள் மருந்து செல்லும் பயணத்தின் முதற்கட்டம் உட்கவர்தல், அதாவது கொடுத்த இடத்திலிருந்து மருந்து குருதியை அடைதல். விழுங்கிய மாத்திரை உடைந்து, கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலின் பரந்த பரப்பின் வழியே உறிஞ்சப்படுகிறது. ஆனால் குடலிலிருந்து வரும் குருதி முழுவதும் முதலில் கல்லீரலுக்குள் நுழைந்தே பிற உறுப்புகளுக்குச் செல்வதால், சில மருந்துகளின் பெரும்பகுதி இலக்கை அடையுமுன்பே அங்குச் சிதைந்துவிடுகிறது. இதனை முதற்கடப்பு இழப்பு என்பர். கொடுத்த அளவில் எத்தனை பங்கு சிதையாமல் பொதுக் குருதியோட்டத்தை எட்டுகிறதோ அந்தப் பங்கு உயிர்க்கிடைப்புத்திறன் எனப்படும். மார்ஃபினை வாய்வழி கொடுக்கும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ மட்டுமே மிஞ்சுகிறது. புரோப்ரனலால் ஊசியாக 1 மி.கி. போதுமான இடத்தில் மாத்திரையாக 40 மி.கி. தேவைப்படுவதும் இதனால்தான். நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரினை விழுங்கினால் கல்லீரல் கிட்டத்தட்ட முழுவதையும் அழித்துவிடும் என்பதால் அது நாக்கின் அடியில் வைக்கப்படுகிறது. இளைப்பு நோயாளி உறிஞ்சும் சால்பியூட்டமாலின் ஒரு பீய்ச்சலில் இருப்பது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மி.கி. மாத்திரையில் அதைப் போல 40 மடங்கு இருக்கிறது. தேவையான இடத்துக்கே நேராகச் செல்லும் மருந்துக்கு உடல் முழுவதையும் நனைக்க வேண்டிய தேவை இல்லை. கை நடுக்கமும் படபடப்பும் மாத்திரையில் மிகுவதற்கு இந்த 40 மடங்கே விளக்கம்.

உட்கவர்தல் மாத்திரையின் வடிவமைப்பையும் சார்ந்தது என்பதால், மூக்குக்குழாய் வழியே கொடுப்பதற்காக எந்த மாத்திரையையும் பொடித்துவிடலாம் என்ற பழக்கம் ஆபத்தானது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக மருந்தை விடும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் 12 அல்லது 24 மணி நேரத்துக்கான அளவு ஒரே தடவையில் குருதியில் இறங்கும். இரைப்பை அமிலத்திலிருந்து காக்கும் மேலுறை கொண்ட மாத்திரையைப் பொடித்தால், மருந்து அமிலத்தில் அழியும் அல்லது இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். சிரைவழிச் செலுத்துதலில் உட்கவர்தல் என்னும் கட்டமே இல்லை. கொடுத்தது முழுவதும் உடனே குருதியில் உள்ளது, திரும்பப் பெற வழியும் இல்லை. பேச்சுத் தமிழில் இது ‘நரம்பு ஊசி’ எனப்படுவதையும், பாடநூலில் நரம்பு என்பது வேறோர் உறுப்பைக் குறிப்பதையும் மாணவர் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் நோயாளியிடம் பேசும்போது அவருடைய சொல்லைப் பயன்படுத்துவதே சரி.

குருதியை அடைந்த மருந்து உடலெங்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை. ஒரு பகுதி அல்புமின் முதலிய குருதிப் புரதங்களோடு பிணைந்து நிற்கும். பிணையாத பகுதியே திசுக்களுக்குள் சென்று செயல்படும். ஊட்டக்குறைவாலோ கல்லீரல் நோயாலோ அல்புமின் குறைந்தவருக்கு, வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் வழக்கமான அளவிலேயே நஞ்சாகலாம். ஆய்வக அறிக்கையில் மொத்தச் செறிவு இயல்பாகத் தோன்றும்போதும் பிணையாத பகுதி மிகுந்திருக்கும். மூளையைச் சூழ்ந்த தடுப்பு பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. பார்க்கின்சன் நோயில் மூளைக்குக் குறைவது டோப்பமின் என்று தெரிந்தும் அதைக் கொடுக்காமல், தடுப்பைக் கடந்து உள்ளே சென்று டோப்பமினாக மாறும் லீவோடோப்பா கொடுக்கப்படுவது இதற்காகவே. தயோபென்ட்டோன் ஊசியால் மயங்கியவர் சில நிமிடங்களில் விழிப்பதற்கும் மருந்து வெளியேறிவிட்டது காரணமன்று. அது மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் இடம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே. விழித்தவர் தெளிந்துவிட்டார் என்று கண்காணிப்பை நிறுத்துவது அதனால் தவறு.

உடல் தனக்கு அயலான பொருளை நீரில் கரையும் வடிவுக்கு மாற்றி வெளியேற்ற முயல்கிறது. இம்மாற்றத்தின் முதன்மைக் களம் கல்லீரல், வெளியேற்றத்தின் முதன்மை வழி சிறுநீரகம். மாற்றம் எப்போதும் நஞ்சு நீக்கமாக முடிவதில்லை. பாரசிட்டமாலின் சிறு பகுதி கல்லீரலில் ஒரு நச்சுப்பொருளாக மாறுகிறது. குளூட்டத்தயோன் என்னும் காப்புப்பொருள் அதை உடனுக்குடன் செயலிழக்கச் செய்கிறது. அளவு மிஞ்சும்போது அந்தக் காப்புப்பொருள் தீர்ந்து கல்லீரல் செல்கள் மடியத் தொடங்குகின்றன. முதல் நாள் நோயாளி ஏறக்குறைய நலமாகவே தோன்றுவார் என்பதே இதன் கொடுமை. அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து குளூட்டத்தயோனை மீட்டுத் தருவதால், அறிகுறிக்குக் காத்திராமல் முதல் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகச் சிறப்பாகக் காக்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளின் உற்பத்தியைத் தூண்டிவிடுவதால், உடன் உட்கொள்ளும் கருத்தடை மாத்திரையும் வார்ஃபரினும் விரைந்து சிதைந்து பயனற்றுப் போகின்றன. காசநோய் மாத்திரை பெறும் இளம்பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டிய இடம் மருந்து வழங்கும் மேசைதான். முதியவரிடம் வேறொரு பொறி உள்ளது. தசை மெலிந்தவரின் உடலில் கிரியேட்டினின் குறைவாகவே உருவாவதால் அறிக்கையின் எண் இயல்பாகத் தெரியும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனோ பாதியாகியிருக்கலாம். பிறந்த குழந்தையின் கல்லீரல் நொதிகள் முதிராதவை என்பதைக் குளோராம்ஃபெனிக்கால் தந்த சாம்பல் நிறக் குழந்தை நோய் மருத்துவ உலகுக்குப் பெரும் விலை கொடுத்துக் கற்பித்தது.

இந்தக் கட்டங்கள் அனைத்தையும் ஓர் எண்ணுக்குள் அடக்கித் தருவது அரை ஆயுட்காலம். குருதியில் மருந்தின் செறிவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரமே அது. ஒரு மருந்தின் அரை ஆயுட்காலம் 24 மணி என்றும், நாளுக்கு ஒருமுறை 100 மி.கி. கொடுக்கப்படுகிறது என்றும் கொள்வோம். இரண்டாம் நாள் மருந்து தரும் நேரத்தில் முதல் நாளின் 50 மி.கி. மிஞ்சியிருக்க, உடலில் உள்ள அளவு 150 ஆகும். மூன்றாம் நாள் 175, நான்காம் நாள் 187.5, ஐந்தாம் நாள் 193.75 என்று ஏறி, 200ஐ நெருங்கி அங்கேயே நிற்கும். உள்ளே செல்வதும் வெளியேறுவதும் சமமாகும் இந்நிலை சமநிலைச் செறிவு எனப்படும்; எந்த மருந்தும் அதை எட்ட ஏறத்தாழ 4 முதல் 5 அரை ஆயுட்காலம் தேவை, நிறுத்திய பின் உடலைவிட்டு நீங்கவும் அதே அளவு காலம் தேவை. சிறுநீரகம் நன்றாக உள்ளவரிடம் டிஜாக்சினின் அரை ஆயுட்காலம் சுமார் ஒன்றரை நாள். ஆகவே அதன் முழு விளைவும் அதன் நச்சும் ஒரு வாரம் கழித்தே வெளிப்படலாம். தைராக்சினின் அரை ஆயுட்காலம் சுமார் 7 நாள். அளவை மாற்றிய மறுவாரமே குருதிப் பரிசோதனை செய்வது வீண், ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத நெருக்கடியில் முதலில் பெரிய அளவைக் கொடுத்துச் செறிவை உயர்த்திவிட்டு, பின்னர் சிறிய அளவால் அதைத் தாங்கி நிறுத்துவர். முன்னது ஏற்றளவு, பின்னது தாங்களவு.

எதிர்முனையில் நொடிகளில் மறையும் மருந்துகள் உள்ளன. இதயம் தறிகெட்டு ஓடும்போது தரும் அடினோசினின் அரை ஆயுட்காலம் 10 நொடிக்கும் குறைவு. கையின் மேற்பகுதியில் உள்ள பெரிய சிரையில் விரைந்து செலுத்தி, உடனே சலைனால் தள்ளிவிடாவிட்டால் மருந்து இதயத்தை அடையுமுன்பே அழிந்திருக்கும். மார்ஃபின் மிகையால் மூச்சு தளர்ந்தவருக்கு நலோக்சோன் கொடுத்ததும் அவர் கண்விழித்துப் பேசுவார். ஆனால் நலோக்சோனின் செயல் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டியே அடங்கிவிடும், மார்ஃபினின் செயலோ அதைவிட நீண்டது. காத்த மருந்து முதலில் விடைபெற, வீழ்த்திய மருந்து உடலில் தங்கியிருப்பதால், மீண்டும் மூச்சு தளரும் வேளையில் அருகில் ஆள் இருக்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லிகளில் இக்கணக்கு இன்னும் நுட்பமானது. பென்சிலின் குடும்ப மருந்துகள் கிருமியைக் கொல்வது, செறிவு ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது; ஜென்டாமைசின் கொல்வதோ உச்சச் செறிவு எவ்வளவு உயர்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே முன்னதைச் சம இடைவெளியில் பலமுறையும், பின்னதைப் பெரும்பாலும் நாளுக்கு ஒரே தடவையாகவும் தருவர். இடையில் செறிவு நன்கு தாழ்வது சிறுநீரகத்தையும் காதையும் காக்கும். அடுத்த ஊசிக்குச் சற்று முன் எடுக்கும் குருதியில் தாழ்நிலைச் செறிவு அளக்கப்படுகிறது. முந்தைய ஊசியை உண்மையில் போட்ட மணி குறிக்கப்படாமல், போட வேண்டியிருந்த மணி குறிக்கப்பட்டிருந்தால், அந்த அறிக்கையை நம்பி எடுக்கும் முடிவு தவறாகும்.

மருந்து இலக்கை அடைந்தபின் நிகழ்வதை விளக்குவது ஏற்பிக் கோட்பாடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் லாங்லியும் பால் எர்லிக்கும் வெவ்வேறு வழியில் இக்கருத்துக்கு வந்து சேர்ந்தனர். செல்லின் மேலோ உள்ளோ உள்ள, குறிப்பிட்ட வடிவப் பொருளை மட்டும் பற்றும் மூலக்கூறே ஏற்பி. அதனோடு இணைந்து செயலை எழுப்பும் மருந்து தூண்டி, இணைந்து இடத்தை அடைத்துக்கொண்டு செயல் எழாமல் தடுப்பது தடுப்பான். மூச்சுக்குழாயில் உள்ள பீட்டா ஏற்பியைத் தூண்டிச் சால்பியூட்டமால் இளைப்பைத் தணிக்கிறது. அதே ஏற்பியை அடைக்கும் புரோப்ரனலால் ஆஸ்துமா நோயாளிக்கு உயிராபத்தாகிறது. எல்லா மருந்தும் ஏற்பி வழியே செயல்படுவதில்லை. அமிலத்தை நடுநிலையாக்கும் மருந்துக்கு ஏற்பி தேவையில்லை, நொதிகளைத் தடுக்கும் மருந்துகளும் உண்டு. வீரியம், செயல்திறன் என்னும் இரண்டையும் குழப்பிக்கொள்வது பரவலான பிழை. 100 மைக்ரோகிராம் ஃபென்ட்டனில் 10 மி.கி. மார்ஃபினுக்கு ஒப்பான வலிநீக்கம் தருவதால் அதன் வீரியம் மிகுதி. அதனாலேயே அது சிறந்த மருந்தாகிவிடாது, மில்லிகிராம் என்று எழுதவேண்டிய இடத்தில் மைக்ரோகிராமும் மைக்ரோகிராம் இடத்தில் மில்லிகிராமும் மாறினால் விளையும் கேடு மட்டும் அதற்கேற்ப மிகும்.

தடுப்பானுக்கும் தூண்டிக்கும் நடக்கும் போட்டியைத் தமிழகத்திலும் இலங்கையிலும் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகள் நன்கு அறியும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லியை அருந்தியவரின் உடலில், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி முடங்கிவிடுவதால், அப்பொருள் நரம்பு முனைகளில் குவிந்து, மூச்சுக்குழாயில் சளி பொங்கி, இதயம் தளர்ந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது. அட்ரோப்பின் அந்நொதியை மீட்பதில்லை. ஏற்பியில் அசிட்டைல்கோலினோடு போட்டியிட்டு இடம் பிடிக்கிறது. போட்டி என்பதால், எதிராளி எவ்வளவு குவிந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மருந்தும் வேண்டும். 0.6 மி.கி. கொண்ட ஓர் ஆம்ப்யூல் மயக்க மருந்துக்கு முன் போதுமானதாக இருக்க, இந்நோயாளிக்கு மூன்று ஆம்ப்யூலில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கி, 1.8, 3.6, 7.2 மி.கி. என்று உயர்த்த வேண்டியிருக்கலாம். நிறுத்த வேண்டிய இடத்தைச் சொல்வது எண்ணன்று, நோயாளியின் மார்பு: நுரையீரலில் நீரொலி நீங்கி, நாடியும் குருதியழுத்தமும் தேறி, அக்குள் உலர்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் சென்றால் காய்ச்சலும் பிதற்றலும் வரும், குடலோசை அடங்கும். இவற்றை மணிதோறும் பார்த்துக் குறிப்பவர் செவிலியர் என்பதால், இங்கு அளவை நிர்ணயிப்பதில் அவருடைய பங்கு மருத்துவருடையதற்குச் சற்றும் குறைந்ததன்று.

பிரசவ வார்டில் இதற்கு இணையான எடுத்துக்காட்டு மெக்னீசியம் சல்பேட். கர்ப்பகாலக் குருதியழுத்தம் முற்றி வலிப்பு வருவதைத் தடுக்கவும் வந்த வலிப்பை அடக்கவும் இது தரப்படுகிறது. 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, வலிப்பு வரும் வாய்ப்பை இம்மருந்து பாதிக்கும் மேலாகக் குறைப்பதைக் காட்டியது. பிரிட்சார்ட் முறையில் 4 கிராம் சிரைவழி மெதுவாகவும், பிட்டத்தின் இரு பக்கமும் 5 கிராம் வீதம் தசையிலும் செலுத்திய பின், 4 மணிக்கு ஒருமுறை 5 கிராம் தொடரும். ஆனால் ஒவ்வொரு தொடர் ஊசிக்கும் முன் முழங்கால் அனிச்சைத் துடிப்பு இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் உள்ளதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் பிரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். மூன்று சோதனைகளும் மூன்று காரணங்கள் கொண்டவை. மெக்னீசியம் சிறுநீரகம் வழியே மட்டும் வெளியேறுகிறது. சிறுநீர் குறைந்தால் அடுத்த ஊசி பழைய மிச்சத்தின் மேல் ஏறும். செறிவு ஏறும்போது அது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தளர்த்துவதால் முதலில் முழங்கால் துடிப்பு மறையும். இன்னும் ஏறினால் மூச்சுத்தசை ஓயும். முழங்கால் தரும் எச்சரிக்கையும் மூச்சு நிற்பதும் இவ்வரிசையில் வருவதால்தான், சுத்தியலும் கடிகாரமும் அளவீட்டுக் குழாயும் மட்டுமே கொண்ட சிற்றூர் மருத்துவமனையில்கூட, குருதிச் செறிவை அளக்காமல் இம்மருந்தைப் பாதுகாப்பாகத் தர முடிகிறது. 10 விழுக்காடு கால்சியம் குளூக்கோனேட் 10 மி.லி. படுக்கையருகே தயாராக இருக்க வேண்டும். திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு உழைச்செல்வான் என்று அருகிருந்து மருந்தை முறைப்படி அளிப்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்காக வகுப்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருவது இயல்பே.

அரை ஆயுட்காலத்தை நன்கு கற்ற மாணவரும் இடறும் ஓரிடம் உண்டு. குருதியிலிருந்து மருந்து மறைவதும் அதன் விளைவு மறைவதும் எப்போதும் ஒன்றல்ல. ஆஸ்பிரினின் அரை ஆயுட்காலம் சுமார் 20 நிமிடம். ஆனால் அது தட்டணுக்களின் நொதியை மீளாதபடி முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புதிய நொதியை ஆக்க இயலாது; அது வாழும் 7 முதல் 10 நாள் வரை விளைவு நீடிக்கும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் ஆஸ்பிரினை நிறுத்தி என்ன பயன் என்பது இதனால் விளங்கும். வார்ஃபரினில் நிலைமை தலைகீழ்: அது புதிய உறைகாரணிகள் உருவாவதைத் தடுக்குமே தவிர ஏற்கெனவே உள்ளவற்றைத் தொடாது, அவை தாமே தேய்ந்து குறையச் சில நாள் ஆவதால், தொடக்க நாள்களில் ஹெப்பாரின் துணை தேவைப்படுகிறது.

பயன் தரும் அளவுக்கும் நச்சளவுக்கும் இடையிலுள்ள தொலைவு மருந்துக்கு மருந்து வேறுபடும். டிஜாக்சின், லித்தியம், ஃபெனிட்டாயின், வார்ஃபரின், தியோஃபிலின் ஆகியவற்றில் அது மிகக் குறுகியது. லித்தியத்தின் பயன்மட்டம் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல், 1.5ஐத் தாண்டினாலே நச்சுக்குறி தோன்றக்கூடும். வயிற்றுப்போக்கால் நீரும் உப்பும் இழந்தவரின் சிறுநீரகம் லித்தியத்தைத் தேக்கிக்கொள்வதால், அளவு மாறாமலேயே அவர் நஞ்சேறியவராகிறார். டிஜாக்சினோடு நீர்பிரிக்கும் ஃபுரோசமைடு சேரும்போது குருதியில் பொட்டாசியம் குறைந்து, டிஜாக்சின் இதயத்தை மேலும் இறுகப் பற்றுகிறது. முழு ஒரு நிமிடம் இதயத் துடிப்பை எண்ணி, வயதுவந்தவருக்கு 60க்குக் குறைந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

கோட்பாடு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது நோயாளியை அடைவது எளிய கணக்கின் வழியேதான், மாணவரின் அச்சமும் பெரும்பாலும் அங்கேதான். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாரசிட்டமால் 150 மி.கி. வேண்டும். 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பானால் அது 6 மி.லி.; 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதானால் 3 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டுமருந்தானால் 1.5 மி.லி. மட்டுமே. சிரப்பின் கணக்கைச் சொட்டுமருந்துக்குப் பொருத்திவிட்டால் குழந்தைக்குச் செல்வது நான்கு மடங்கு. ‘5 மி.லி. கொடுங்கள்’ என்று மில்லிகிராம் சொல்லாமல் தாயிடம் கூறுவது எத்துணைப் பிழையானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் 1 மி.லி.க்கு 40 அலகு, 100 அலகு என இருவகையிலும் கிடைப்பதால் சிரிஞ்சுகளும் இருவகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 அலகு இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை ஏற்றினால், உடலில் சேர்வது 50 அலகு. பொட்டாசியம் குளோரைடின் 10 மி.லி. ஆம்ப்யூல் ஒன்றில் 15 விழுக்காட்டுக் கரைசலாக 20 மில்லிமோல் உள்ளது. நீர்க்காமல் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். தொங்கும் சலைன் பாட்டிலில் அதைச் செலுத்திக் கலக்காமல் விட்டால், அடியில் தங்கிய அடர்கரைசல் முதலில் இறங்கும் என்பதால், பாட்டிலைக் கழற்றிப் பலமுறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று மனனம் செய்யப்படும் ஐந்தும் மறுக்க முடியாதவை. எது சரி என்பதை மட்டும் அவை சொல்வதில்லை, அதைச் சொல்வது மருந்தியல்.

வேண்டாத விளைவுகளை ராலின்ஸ், தாம்ப்சன் இருவரும் 1977இல் இரண்டாக வகுத்தனர். மருந்தின் இயல்பான செயல் அளவு மீறி வெளிப்படுவது முதல் வகை: இன்சுலினால் சர்க்கரை தாழ்வது, வார்ஃபரினால் குருதி கசிவது. இவை எதிர்பார்க்கத்தக்கவை, அளவைக் குறைத்தால் குறைபவை. பென்சிலினால் சிலருக்கு வரும் ஒவ்வாமை அதிர்ச்சி இரண்டாம் வகை; அளவைப் பார்த்து அது வருவதில்லை. அதற்கு முதல் மருந்து அட்ரீனலின், வயதுவந்தவருக்கு 0.5 மி.கி., அதாவது ஆயிரத்தில் ஒன்று எனக் குறிக்கப்பட்ட கரைசலில் 0.5 மி.லி., தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றிச் செலுத்தப்பட வேண்டும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு 1961இல் திரும்பப் பெறப்பட்டது; அம்மருந்தால் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தனர். அத்துயரமே மருந்துக் கண்காணிப்பு என்னும் உலகளாவிய ஏற்பாட்டுக்கு வித்திட்டது. 2010இல் தொடங்கிய இந்தியத் திட்டத்தில் செவிலியரும் நேரடியாக அறிக்கை அனுப்பலாம். சந்தேகம் போதும், நிரூபிக்கத் தேவையில்லை.

இறுதியாக, மருந்தை உட்கொள்ளும் நேரத்தை வீட்டில் முடிவு செய்பவர் நோயாளி. ‘பத்தியம் உண்டா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா’ என்று தமிழகத்து நோயாளி கேட்கும் கேள்வியைப் பழைய பழக்கம் என்று தள்ளுவது தகாது. உட்கவர்தல் குறித்த மிகச் சரியான கேள்வி அது. கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்தால் உறிஞ்சப்படுவது குறையும். தைராக்சினை விழுங்கிய கையோடு காபி அருந்தினாலும் அவ்வாறே, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒமிப்ரசோல் உணவுக்கு முன் தரப்படுவது, உணவு இரைப்பையின் அமிலச் சுரப்பைத் தூண்டும் வேளையில் மருந்து அங்கே இருந்தால்தான் அது பற்றும் என்பதற்காக. ‘மூன்று வேளை’ என்னும் சொல்லையும் இக்கண்ணோடு பார்க்க வேண்டும். தமிழில் வேளை என்பது சாப்பாட்டோடு கட்டுண்டது. காலை 8, பகல் 1, இரவு 8 என்று அமாக்சிசிலினை விழுங்குபவரின் இடைவெளிகள் 5, 7, 12 மணி. சுமார் ஒரு மணி நேரமே அரை ஆயுட்காலம் கொண்ட அம்மருந்து இரவின் பிற்பகுதியில் உடலில் இல்லாமற்போக, கிருமிகள் தடையின்றிப் பெருகும். 68 மணி நேர அரை ஆயுட்காலம் கொண்ட அசித்ரோமைசினுக்கு இந்தக் கவலை இல்லை. அதை நாளுக்கு ஒருமுறை வசதியான நேரத்தில் உட்கொள்ளலாம். ஆகவே அமாக்சிசிலினோடு வீடு திரும்புபவரிடம், எத்தனை மணிக்கு எழுகிறார், எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கேட்டுக்கொண்டு, மாத்திரை உறையின் மேல் வேளையை எழுதாமல், காலை 6, பகல் 2, இரவு 10 என்று மணியாகவே எழுதித் தரலாம்.